மூக்கு ஆபரேஷன் செய்தால் மூச்சு திறக்கும், வாசனை திரும்புமா? (சுங்கை சிப்புட் – ஈப்போ வட்டாரம், மலேசியா)

தோட்டத்து டிரெசர் (இழையைத் தொடங்கியவர்)

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூக்கடைப்புக்குக் கடிதம் வாங்கி ஈப்போவுக்குப் போகிறவர்கள் பலரும் திரும்பி வந்து கேட்பது ஒன்றுதான்: “மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் செய்யலாம்னு சொல்றாங்க. செஞ்சா மூச்சும் சீராகி வாசனையும் வந்துடுமா?”

(தண்டு என்பது இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுச்சுவர்.) இதை இரண்டு கேள்வியாகப் பிரிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் பிறகு ஏமாற்றம். அதனால் காது மூக்கு தொண்டைப் பிரிவு, மருந்தகம், ஸ்கேன், அறுவை அறை என்று அந்தந்த வேலை தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதினால் நல்லது. “எனக்கு ஆபரேஷன் ஆனப்போ…” கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. அங்கே போடுங்கள்.

காதுமூக்கு

மூச்சுக் காற்று ஓடும் வழி கீழே இருக்கிறது. வாசனை பிடிக்கும் இடம் மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவில், மூக்கின் கூரையில் உள்ள ஒடுங்கிய பிளவு. நாம் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடுதான் அந்தப் பிளவு வரை ஏறுகிறது. மற்றதெல்லாம் கீழ் டர்பினேட், நடு டர்பினேட்டை (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும் எலும்பும் சவ்வும் சேர்ந்த மடிப்புகள்) ஒட்டி நேராகத் தொண்டைக்குப் போய்விடும். பிளவின் சவ்விலிருந்து மோப்ப நரம்பின் இழைகள் சல்லடை எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன.

இதிலிருந்தே பாதிப் பதில் கிடைத்துவிடும். தண்டு கீழே வளைந்திருந்தால் மூச்சு அடைக்கும், ஆனால் வாசனை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். மேலே பாலிப் (அழற்சியால் சவ்வில் வளர்ந்து தொங்கும் சதை) வளர்ந்து பிளவை மூடினால் மூச்சு ஓரளவு ஓடும், வாசனை சுத்தமாகப் போயிருக்கும். நரம்பே பழுதாகியிருந்தால் மூக்கை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் வாசனை வராது.

ஆகவே வாசனை போன காரணத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

பாதை அடைப்பு: பாலிப், நாள்பட்ட சைனஸ் (மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் உள்ள காற்றறை) அழற்சி, கடுமையான ஒவ்வாமை வீக்கம். இதில்தான் அறுவைக்கு வேலை இருக்கிறது.

வைரஸ்: கோவிட் உட்பட எந்தச் சளிக்காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். மூக்கு நன்றாகத் திறந்தே இருக்கும், வாசனை மட்டும் இருக்காது, அல்லது காப்பி கருகல் நாற்றம் அடிப்பதுபோல் மாறித் தெரியும். இதற்குக் கத்தி வேண்டாம்.

தலை அடி: மோட்டார் சைக்கிளிலிருந்து மல்லாந்து விழுந்து பின்மண்டை அடிபட்டால், மூளை குலுங்கும்போது அந்த மெல்லிய இழைகள் சல்லடை எலும்பின் விளிம்பிலேயே அறுந்துபோகும். இதற்கும் மூக்கு அறுவை உதவாது.

தண்டை நேராக்கும் அறுவையால் மட்டும் வாசனை கூடுவது சிலருக்கு நடக்கும், பலருக்கு முன்பு இருந்தபடியே இருக்கும். அரிதாகக் குறைவதும் உண்டு. “வாசனைக்காகத் தண்டு ஆபரேஷன்” என்று யாராவது சொன்னால், பிளவில் என்ன அடைத்திருக்கிறது என்று எண்டோஸ்கோப்பில் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

லிந்தாங் ரோடு

டாக்டர், ஒரு சந்தேகம். மச்சான் ரப்பர் பால் கொட்டாயில வேலை. அமோனியா நெடி சுருக்குனு ஏறுது, கண்ணுல தண்ணி வருதுங்கிறார். வீட்டுல சாம்பார் கொதிச்சா தெரியல. அப்போ வாசனை பாதிதான் போயிருக்குன்னு எடுத்துக்கலாமா?

காதுமூக்கு

எடுத்துக்கொள்ளக் கூடாது. அமோனியா, வினிகர், கோடாலித் தைலம், வெட்டிய வெங்காயம் இவற்றின் காரம் முகத்து உணர்வு நரம்பில் படுகிறது. அது வேறு நரம்பு. மோப்பம் அடியோடு போனவருக்கும் அமோனியா குத்தும்.

வீட்டில் சோதிக்க எரிச்சல் தராத பொருள் வேண்டும்: காப்பித் தூள், ஏலக்காய், ரோஜா எண்ணெய். கண்ணை மூடச் சொல்லி, ஒரு துவாரத்தை மெதுவாக அடைத்து, மற்றதில் காட்டுங்கள். நடுநடுவே வெறும் புட்டியையும் காட்டுங்கள், ஊகித்துச் சொல்கிறாரா என்று தெரியும். கிளினிக்கில் செய்வது இதன் ஒழுங்கான வடிவம்: வாசனைப் பேனாக்களைக் காட்டி, நான்கு பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் தெரிந்து, “சாப்பாட்டுல ருசியே இல்லை” என்று மட்டும் சொன்னால் போனது மோப்பம்தான், நாக்கு அல்ல.

மருந்துக்கடை

அறுவைக்கு முன்னால் கடை அலமாரியிலிருந்தே தொடங்க வேண்டிய விஷயங்கள் சில.

முதலில் அந்த உடனடி அடைப்பு நீக்கும் ஸ்ப்ரே. ஆக்ஸிமெட்டசொலின், இங்கே இலியாடின் என்று கேட்டு வாங்குவார்கள். 5 நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் மருந்து இறங்கியதும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அதை அடக்க மறுபடி அடிப்பார்கள். வருடக்கணக்கில் பையிலேயே புட்டி வைத்திருப்பவர்களின் “மூக்கடைப்பு” பல நேரம் இதுதான். முதலில் ஒரு துவாரத்துக்கு நிறுத்தி, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கி, பிறகு மற்றதற்கும் நிறுத்தலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே (மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன்) அடித்த உடனே திறக்காது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஒவ்வொரு துவாரத்திலும் நாளுக்கு ஒருமுறை 2 அழுத்தல். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். “ஒரு வாரம் அடிச்சேன், கேக்கல” என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும். தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுத்தண்டை விட்டு வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் கண் மூலையை நோக்கித் திரும்பும். தண்டின் மேலேயே தினமும் அடித்தால் சவ்வு காய்ந்து ரத்தம் கசியும். அடித்த பிறகு பலமாக உறிஞ்ச வேண்டாம்.

கோடாலித் தைலம் தடவினால் மூக்குத் திறந்த மாதிரி இருக்கும், திறந்திருக்காது. மெந்தால் குளிர் உணரும் நரம்பு முனையைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். காற்றின் தடை குறைவதில்லை.

வீட்டில் இலவம் பஞ்சு மெத்தை, பழைய தலையணை இருந்தால் ஒவ்வாமையைக் கிளப்பும் தூசிப் பூச்சிக்குச் சோறு போட்டு வளர்ப்பதற்குச் சமம். நம் ஊர் ஈரக் காற்றில் அது நன்றாகப் பெருகும். உறையை வாரம் ஒருமுறை சுடுநீரில், 60 டிகிரியில் துவைக்க வேண்டும்.

படச்சுருள்

ஸ்கேன் பற்றிச் சொல்கிறேன். சாதாரண எக்ஸ்ரே இந்த வேலைக்கு உதவாது. அறுவைக்குத் திட்டமிட சைனஸ் சி.டி., 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டு, மூன்று தளத்திலும் பார்க்கும்படி எடுக்க வேண்டும். சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுத்தால் எல்லா சைனஸ் அறையும் நிரம்பிக் காட்டும், உண்மை நிலை தெரியாது. முதலில் சில வாரம் மருந்து கொடுத்து, அப்புறமும் எது மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே சரி.

அறிக்கையில் லண்ட்–மெக்கே என்று ஓர் எண் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 0 முதல் 24 வரை. எண் பெரிதானால் அடைப்பு அதிகம், ஆனால் ஆளுக்குத் தொல்லை எவ்வளவு என்று அது சொல்லாது.

அதைவிட முக்கியமானது மோப்பக் குழியின், அதாவது மூக்குக் கூரைக்கு மேல் மோப்ப நரம்பு உட்காரும் குழியின், ஆழம். கெரோஸ் வகை என்று எழுதுவார்கள்: 1 முதல் 3 மி.மீ. முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது. குழி ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரான மெல்லிய எலும்பு அறுவைக் கருவியின் வழியில் அதிகம் நீண்டு நிற்கும். அது உடைந்தால் மூளைநீர் கசியும். கண்குழிச் சுவரில் இடைவெளி உண்டா, தமனி தொங்குகிறதா என்றும் அங்கேயே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஒரே பக்கம் மட்டும் அறை நிரம்பியிருந்தால் சும்மா விடக்கூடாது. மேல் பல் வேரில் சீழ், பூஞ்சைக் கட்டி, வளர்ச்சி எதுவாகவும் இருக்கலாம். அறைக்குள் வெள்ளையாக அடர்த்தியான திட்டுத் தெரிந்தால் பூஞ்சையை நினைக்க வேண்டும்.

காதுமூக்கு

மேலே சொன்ன “ஒரே பக்கம்” என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். ஒரே பக்க அடைப்பு, சளியில் ரத்தக் கோடு, ஒரு காது மந்தம், கழுத்தில் கட்டி: இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே வேறு பேச்சு. மலேசியாவில் அது சீனர்களிடமும் சரவாக் பிடாயூ மக்களிடமும் அதிகம் என்பதால் “நமக்கு வராது” என்று விட்டுவிடக் கூடாது.

எந்த அறுவை எதற்கு என்று சுருக்கமாக:

தண்டு வளைவுக்குச் செப்டோபிளாஸ்டி. உள்பக்கம் சவ்வைக் கீறி உரித்து, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் மட்டும் எடுத்து அல்லது நேராக்கி, சவ்வைத் திரும்பப் போர்த்தித் தைப்பது. வெளியே தழும்பு இருக்காது. மூக்கு முதுகின் ஓரமும் முன்முனையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத பட்டையாக விடப்பட வேண்டும். பேராசையில் அதையும் வெட்டினால் மாதங்கள் கழித்து மூக்கு நடுவில் குழிந்துவிடும்.

கீழ் டர்பினேட் வீக்கத்துக்கு அதைச் சிறிதாக்குவது. இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

பாலிப், நாள்பட்ட சைனஸுக்கு எண்டோஸ்கோப் வழி சைனஸ் அறுவை. 1985 வாக்கில் அமெரிக்காவில் டேவிட் கென்னடி பரப்பிய முறை. அடிப்படை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர், ஸ்டாம்பெர்கர் செய்த வேலை. எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதல்ல, சைனஸ் வடியும் வாயை அகலப்படுத்தி அறுவைக்குப் பிறகு மருந்து உள்ளே போக வழி செய்வதே நோக்கம்.

மூக்குச் சிறகு உள்ளே ஒட்டிக்கொள்வதற்கு இவை எதுவும் போதாது. கன்னத்தில் விரல் வைத்து வெளிப்பக்கம் இழுத்தால் மூச்சு சட்டென்று திறக்கிறதா? அப்படியென்றால் வால்வுப் பகுதியை (துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒடுங்கிய இடம்) கவனிக்கச் சொல்லுங்கள். அதை நிமிர்த்த வைக்கும் குருத்தெலும்புத் துண்டு தண்டிலிருந்துதான் எடுக்கப்படும். முதல் அறுவையிலேயே எடுத்து எறிந்துவிட்டால், பிறகு காதிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

அடைப்பு நீக்கும் மருந்தை மூக்கில் அடித்துப் 10 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்ப்பதும் எளிய சோதனை. நன்றாகத் திறந்தால் கோளாறு வீக்கத்தில். திறக்காவிட்டால் எலும்பில், குருத்தெலும்பில்.

லிந்தாங் ரோடு

டர்பினேட்டும் பாலிப்பும் ஒண்ணுதானே? எல்லாருமே “சதை வளர்ந்திருக்கு”ன்னுதான் சொல்றாங்க.

அறைத்தாதி

இல்லை தம்பி. டர்பினேட் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. இளஞ்சிவப்பா இருக்கும், கருவி பட்டா வலிக்கும். பாலிப் நோய். சாம்பல் நிறத்துல, தோலுரிச்ச திராட்சை மாதிரி பளபளன்னு தொங்கும், தொட்டா பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு டர்பினேட்டைப் பாலிப்னு பயந்துக்கிறவங்க நிறைய.

காதுமூக்கு

டர்பினேட் பற்றி. அது வெறும் தடை அல்ல. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து அனுப்புவது அதன் வேலை. முன்பெல்லாம் கீழ் டர்பினேட்டை முழுசாக வெட்டி எடுத்தார்கள். அப்படி எடுத்த சிலருக்கு மூக்கு அகலமாகத் திறந்திருந்தும் “மூச்சு போகவில்லை” என்ற திணறல், வறட்சி, கெட்ட வாடை அடிக்கும் பொருக்கு. காற்று போவதை உணர வேண்டிய சவ்வே இல்லை என்பதுதான் காரணம். ஆகவே சவ்வை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் குறைப்பதே சரி: ரேடியோ அலைச் சூடு, அல்லது உள்ளே சுழலும் சிறு வெட்டுக் கருவி, கூடவே எலும்பை வெளிப்பக்கம் நெருக்கி ஒதுக்குவது. படிவத்தில் “முழு நீக்கம்” என்று இருந்தால் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறைத்தாதி

ஒரு சின்ன மறுப்பு டாக்டர். ரேடியோ அலை மட்டும் போட்டா ஒவ்வாமைக்காரங்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்துல திரும்ப வீங்குறதும் உண்டே. “சவ்வைத் தொடாதே”ங்கிறதை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. ரொம்பப் பெரிசா, பின்முனை தொண்டை வரைக்கும் தொங்கினா அந்த முனையை வெட்டித்தான் ஆகணும்.

காதுமூக்கு

பின்முனை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அது பகுதி வெட்டு. நான் எதிர்ப்பது முழுசாக எடுப்பதை. திரும்ப வீங்கினால் இன்னொரு முறை குறைக்கலாம், வெட்டி எறிந்ததை ஒட்ட முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் குறைவாகவே எடுப்பேன்.

மருந்துக்கடை

வாசனை திரும்புமா என்று முன்கூட்டி ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பாலிப்காரர்களுக்கு அறுவைக்கு முன் சில நாள் பிரெட்னிசொலோன் மாத்திரை கொடுப்பார்கள், பெரும்பாலும் 30 மில்லிகிராம் அளவில் 5 முதல் 7 நாள். பாலிப் சுருங்கினால் ரத்தக் கசிவும் குறையும். அந்த நாட்களில் வாசனை கொஞ்சமாவது தலைகாட்டினால் நரம்பு உயிரோடிருக்கிறது, அடைப்புதான் காரணம். அறுவைக்குப் பிறகு நல்ல நம்பிக்கை வைக்கலாம். துளியும் அசையாவிட்டால் மருத்துவரோடு தெளிவாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். கிளினிக்கில் சொல்லாமல் எடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்ததை வாங்கிப் போடுவது, “ஒரு சுற்று நல்லா கேட்டுச்சு” என்று வருஷத்துக்கு நாலு முறை போடுவது இரண்டும் எலும்புக்கும் கண்ணுக்கும் கேடு.

பாலிப்போடு ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கும் பொன்ஸ்டன் எல்லாமே மூச்சுத் திணறலைக் கிளப்பும். முன்பு எப்போதாவது வலி மாத்திரைக்குப் பின் மூக்கு ஒழுகி இழுப்பு வந்திருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இவர்களுக்குப் பாலிப் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம்.

செம்பனை மண்டோர்

வெட்டுக்காரங்களுக்கு எத்தனை நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைக்கும்? தலைமேல தூக்கிப் பார்த்து வெட்டுற வேலை, குலை 20 கிலோ இருக்கும். ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடலாமா?

அறைத்தாதி

அடுத்த வாரம் வேண்டாம் அண்ணே. உட்கார்ந்து செய்யுற வேலைன்னா ஒன்றிரண்டு வாரத்துல போகலாம். குலை தூக்குறது, தள்ளுவண்டி தள்ளுறது, குனிஞ்சு நிமிர்றதுக்கு மூணு நாலு வாரம் ஆகணும். முக்கித் தூக்கினா மூக்கு ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறும். ரத்தம் கொட்டுறது அறுவை நாள்ல மட்டுமில்ல, ஏழெட்டு நாள் கழிச்சுப் பொருக்கு உதிரும்போதும் வரும். அந்த நேரம் பார்த்துதான் ஆள் வேலைக்குப் போயிருப்பார்.

மருந்து தெளிக்கிறவங்களை இன்னும் தள்ளி வைங்க. பாராகுவாட் 2020லிருந்து நாட்டுல தடை. ஆனா மத்தக் களைக்கொல்லியும் உரத்தூசியும் ஆறாத சவ்வுல பட்டா எரியும். புகைமூட்டக் காலத்துல வெளியே போனா என்95 கவசம்.

இப்ப முழு ஒழுங்கையும் எழுதிடுறேன்.

அறுவைக்கு முன்: ரத்தம் இளக்குற மருந்து எதுவும், ஆஸ்பிரின் உட்பட, நிறுத்துறது மருத்துவர் சொன்னா மட்டும். இதயத்துல ஸ்டென்ட் உள்ளவங்க தானா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ மாத்திரையெல்லாம் “மருந்தில்ல”ன்னு நினைச்சுச் சொல்லாம விடுவாங்க. அதையும் சொல்லுங்க. பிரஷர் கட்டுக்குள்ள இல்லைன்னா அன்னிக்குத் தேதியே தள்ளிப்போகும். கெட்டி ஆகாரம் 6 மணி நேரம் முன்னயும், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னயும் நிறுத்தணும். சிகரெட்டை எவ்வளவு முன்ன விட முடியுமோ அவ்வளவு முன்ன.

அறுவை முடிஞ்சதும்: சிலருக்கு உள்ளே பஞ்சடைப்பு வைப்பாங்க, ஒன்றிரண்டு நாள்ல எடுத்துடுவாங்க. எடுக்கும்போதுதான் மெயின் வலி. இப்பல்லாம் சவ்வு ரெண்டையும் சேர்த்துத் தையல் போட்டுட்டு அடைப்பு வைக்காம விடுறதும் நடக்குது. சிலிக்கோன் தகடு வச்சா 5லிருந்து 7 நாள் கழிச்சு எடுப்பாங்க. அதுவரைக்கும் மூக்கு அடைச்சுத்தான் இருக்கும். “ஆபரேஷன் செஞ்சும் மூச்சு வரல”ன்னு முதல் வாரத்துல பதறாதீங்க. வாயால மூச்சு விடுறதால தொண்டை காயும், தண்ணி அடிக்கடி குடிக்கணும். தலையைத் தூக்கி ரெண்டு தலையணையில படுங்க.

ரெண்டு வாரத்துக்கு மூக்குச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், அடக்கக்கூடாது. மேல் முன்பல் மரத்த மாதிரி இருந்தா பயப்படாதீங்க. தண்டின் அடியில போற நரம்பு தொந்தரவானது, பெரும்பாலும் சில மாதத்துல சரியாகும்.

கழுவுறதுதான் பாதி வைத்தியம். 240 மில்லி கொதிக்க வச்சு ஆறின தண்ணி, தேக்கரண்டியில மூணுல ஒரு பங்கு பொடி உப்பு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. அயோடின் கலக்காத உப்பு கிடைச்சா எரிச்சல் குறையும். மருந்தகத்துல கிடைக்கிற பொட்டலம்னா அளக்கவே வேண்டாம். வெறும் தண்ணி ஊத்தினா குத்தும், உப்பு அதிகமானாலும் எரியும். நாளுக்கு ரெண்டிலிருந்து நாலு முறை, எப்போ தொடங்கணும்னு உங்க சர்ஜன் சொல்வார். பெரும்பாலும் மறுநாளே, இல்லைன்னா அடைப்பை எடுத்ததும். தலையைத் தொட்டி மேல குனிஞ்சு, வாயைத் திறந்து வச்சுக்கிட்டு மெதுவா அழுத்துங்க. வேகமா அழுத்தினா காதுக்கு ஏறும். கழுவாம விட்டா பொருக்கு காய்ஞ்சு, தண்டும் டர்பினேட்டும் நடுவுல ஒட்டு விழுந்து, திறந்த வழி திரும்ப மூடும். கத்தி சரியா போட்டும் பலன் கெடுறதுக்கு இதுதான் முக்கியமான காரணம்னு நான் சொல்வேன்.

தோட்டத்து டிரெசர்

மண்டோர் அண்ணே, சம்பள விஷயம்: வேலைவாய்ப்புச் சட்டப்படி சாதாரண மருத்துவ விடுப்பு வேலை செய்த ஆண்டுக்கு ஏற்ப 14, 18, 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு அது தவிர ஆண்டுக்கு 60 நாள். 2023லிருந்து இரண்டும் தனித்தனிக் கணக்கு. வார்டில் படுத்ததற்கான தாள் எம்.சி.யோடு இருக்கட்டும். கிராணி (தோட்டக் கணக்கர்) ஒன்றாகச் சேர்த்துக் கழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு: சுகாதாரக் கிளினிக்கில் பதிவு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போவதே வழி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க அடுத்தடுத்த வருகைக்கு 5 வெள்ளி. இது குடிமக்களுக்கு. காத்திருப்பு மாதக் கணக்கில் போகும், அதை ஸ்ப்ரேயும் கழுவலும் ஒழுங்காகச் செய்து பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளலாம். தனியார் என்றால் மருத்துவர் கட்டணத்துக்கு அரசு அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. ஆனால் அறுவை அறை, ஒருமுறை மட்டும் பயன்படும் வெட்டுமுனை, தகடு, பிறகு வரும் எண்டோஸ்கோப் சுத்தம் இவையெல்லாம் பில்லில் தனித்தனியாக வரும். வாய்வார்த்தையாக ஒரே தொகையைக் கேட்காமல், பிரித்து எழுதிய மதிப்பீட்டை வாங்கி இன்சூரன்ஸுக்குக் காட்டுங்கள்.

காதுமூக்கு

எப்போது விடியும் வரை காத்திருக்காமல் ஓட வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

ரத்தம்: நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் திறந்து பார்க்காதீர்கள். அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். அப்படியும் நிற்காவிட்டால் அவசரப் பிரிவு.

தண்டில் ரத்தக் கட்டு: முதல் சில நாளில் இரண்டு பக்கமும் ஒன்றாக அடைத்து, வலி குறையாமல் கூடி, காய்ச்சலும் வந்தால் சந்தேகப்படுங்கள். குருத்தெலும்புக்கு உணவு வருவதே அதைப் போர்த்திய சவ்விலிருந்து. ரத்தம் இடையில் தேங்கிப் பிரித்துவிட்டால் சில நாளில் செத்துப்போகும், சீழ் வைத்தால் மூக்கு உட்காரும். பந்து பட்டு அடிபட்ட பிள்ளைகளுக்கும் இதே விதி.

ஒரு துவாரத்திலிருந்து மட்டும், குனியும்போது தண்ணீராகச் சொட்டி உப்புக் கரித்தால் மூளைநீர்க் கசிவு இருக்கலாம். கண் வீங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இவை அரிது. ஆனால் அரிது என்பதற்காக மறைக்கக் கூடாது. கையெழுத்து வாங்கும்போது இவற்றைச் சொல்லாதவரிடம் நீங்களே கேளுங்கள்.

லிந்தாங் ரோடு

மச்சானுக்குப் பாலிப்னு எண்டோஸ்கோப்ல தெரிஞ்சிருக்கு. அறுவைக்கு அப்புறம் வாசனை எப்போ வரும்? ஸ்ப்ரேயை நிறுத்திடலாமா?

மருந்துக்கடை

முதல் சில வாரம் வீக்கத்தாலும் பொருக்காலும் வாசனை முன்பைவிடக் குறைவாகக்கூட இருக்கும். 6 முதல் 12 வாரம் போன பிறகு சோதித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்தக் கூடாது. அறுவை பாலிப்பை எடுக்கும், பாலிப் வளர்க்கும் அழற்சியை எடுக்காது. நிறுத்தினால் மெதுவாகத் திரும்ப வளரும், வாசனைதான் முதலில் குறையும். சிலருக்கு ஸ்ப்ரேக்குப் பதில் புடசோனைடு 0.5 மில்லிகிராம் குப்பியை அந்த 240 மில்லி கழுவும் நீரில் கலக்கச் சொல்வார்கள். திறந்த பாதை வழியே மருந்து சைனஸுக்குள் நன்றாகப் போகும். இது மருத்துவர் எழுதித்தான். அதற்கும் அடங்காத பாலிப்புக்குத் துப்பிலுமாப் ஊசி வந்திருக்கிறது, விலை மிக அதிகம்.

வைரஸால் வாசனை போனவர்களுக்கும், அறுவைக்குப் பின் மெதுவாகத் திரும்புகிறவர்களுக்கும் முகர்ச்சிப் பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு எண்ணெய். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 10 முதல் 20 வினாடி மெதுவாக முகர்ந்து, அந்தப் பொருளை மனதில் நினைத்துக்கொண்டு, சற்று இடைவெளி விட்டு அடுத்தது. குறைந்தது 12 வாரம். 3 மாதம் கழித்து வேறு நான்குக்கு மாற்றலாம், ஏலக்காய், ஜாதிக்காய் எதுவும் சரி. எண்ணெயை மூக்குக்குள் விடக் கூடாது, பஞ்சில் நனைத்துக் குப்பியில் வைத்து முகர்வதுதான்.

வாசனை இல்லாத வீட்டில் கேஸ் கசிந்தால் தெரியாது. எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பதே நாம் கண்டுபிடிக்கத்தான். கேஸ் கசிவு காட்டும் கருவி ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில், தரைக்கு அருகில் மாட்டுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். மீந்த குழம்புக்குத் தேதி எழுதி வையுங்கள், முகர்ந்து பார்த்து முடிவெடுக்க முடியாது.

செம்பனை மண்டோர்

பையனுக்கு 9 வயசு, வாயைத் திறந்துதான் தூங்குறான், குறட்டை. தண்டு ஆபரேஷன் செய்யலாமா?

காதுமூக்கு

அந்த வயதில் முதலில் பார்க்க வேண்டியது மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு, டான்சில், ஒவ்வாமை. முகம் வளரும் பருவம் என்பதால் தண்டு அறுவையைப் பொதுவாக 16, 17 வயது வரை தள்ளிவைப்போம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

லிந்தாங் ரோடு

கடைசியா ஒண்ணு. லயத்துத் தண்ணி மேல்தொட்டியிலிருந்து வருது. டவுன்ல காசு போட்டா வர்ற வடிகட்டின தண்ணியை மூக்குக் கழுவ அப்படியே பயன்படுத்தலாமா?

அறைத்தாதி

வேண்டாம். அது குடிக்கச் சரி, கிருமி நீக்கின தண்ணி இல்ல. குழாய்த் தண்ணி, கிணறு, தொட்டி, பாட்டில் தண்ணி எதுவானாலும் நல்லாக் கொதி வந்ததும் 1 நிமிஷம் கொதிக்க விட்டு, மூடி வச்சு ஆற வச்சு, அன்னிக்கே தீர்த்துடுங்க. தண்ணியில இருக்கிற ஒரு வகை அமீபா குடிச்சா ஒண்ணும் செய்யாது, மூக்கு வழியா மேலே போனா மூளைக்குப் போகும். ரொம்ப அரிது, வந்தா பிழைக்கிறது அதைவிட அரிது. கழுவுற புட்டியையும் தினம் சோப்புப் போட்டுக் கழுவி, வாய் திறந்தபடி காய வைங்க. 3 மாசத்துக்கு ஒருமுறை புதுசு வாங்கிடுங்க.